தம்பியின் வலது முழங்கால்

என் தம்பியின் சம்பளம் எவ்வளவு என்று கள்ளக்குறிச்சியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நான் பில் போடும் உரக்கடையில் காலையில் கடை திறக்கும்போது அது நாற்பது லட்சமாக இருக்கும். முதல் டீ வருவதற்குள் அறுபது ஆகிவிடும். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கலையும்போது கோடியைத் தொட்டிருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அந்தக் கோடீஸ்வரனின் அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

தம்பி எங்கள் ஊர்க் கபடி அணியில் ரெய்டர். எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்புவதுதான் அவன் வேலை. அதை அவனைப் போலச் செய்ய மாவட்டத்தில் ஆள் கிடையாது என்று இதே ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். பிறகு வடக்கே ஒரு பெரிய லீக் அணி அவனை ஏலத்தில் எடுத்தது. அன்று பட்டாசு வெடித்தார்கள். போன மறுமாதமே பேச்சு மாறியது.

உரக்கடை முதலாளிதான் எங்கள் அணிக்கு பனியன் வாங்கித் தருகிறவர். அதனால் கபடிப் பஞ்சாயத்து முழுவதும் எங்கள் கல்லா முன்னால்தான் நடக்கும். அதில் இரண்டு பேர் நிரந்தர உறுப்பினர்கள். ஒருவர் எதிர்க்கடை டீ மாஸ்டர். இன்னொருவர் பஸ் கண்டக்டர், டூட்டி இல்லாத நாளெல்லாம் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். நான் அவனுடைய அக்கா என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். அதற்காக வாயைக் கட்டுவார்களா?

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்று டீ மாஸ்டர் ஆரம்பிப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வருகிறது என்று அதற்கு அர்த்தம். "உங்க தம்பிக்குத் திமிரு ஜாஸ்தியாயிடிச்சி. நம்ம ஊருக்கு ஒரு மேட்ச் ஆடக் கூடாதா? ஒடம்பு தேஞ்சா பூடும்?"

"அவங்க அக்ரிமெண்ட்ல அப்படி இருக்குதுங்க. வேற எங்கயும் ஆடக் கூடாது."

"அக்ரிமெண்ட்டு!" கண்டக்டர் சிரிப்பார். "போன சீசன்ல பாதி மேட்ச்சு பெஞ்சுல குந்திக்கினு இருந்தாரே, அதுவும் அக்ரிமெண்ட்டா? துட்டு வந்துட்சி, ஒடம்பு வணங்கல. அவ்ளோதான். குந்திக்கினு இருக்கறதுக்கு ஒரு கோடி குடுக்கறான்னா நானும் வரேன், என்னக் கூப்புடச் சொல்லுங்க."

"உங்களைக் கூப்பிட்டா பெஞ்சுல எடம் பத்தாதுங்க," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். கண்டக்டர் மறுநாளும் வந்தார். அவர்களுக்கு என் தம்பியைத் திட்டாமல் பொழுது போகாது. அவன் ஆடியபோது நேசித்ததும் இதே வேகத்தில்தான். அந்த நேசத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இப்படிப் பேசுகிறார்கள் என்று அப்போதெல்லாம் பெரிய மனசோடு நினைத்துக்கொள்வேன். அவர்கள் பேச்சு எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. பயத்தைத் தந்தது, பேசாமல் இருந்த ஒருவன்.

அவன் எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவன். கருணாபுரத்துப் பையன், தம்பியின் வயது. ஊர் அணியில் இடது கார்னரில் நின்று பிடிக்கிறவன். ரெய்டரின் கணுக்காலையோ முழங்காலையோ அவன் இரண்டு கையாலும் வளைத்துவிட்டால் அந்த ஆள் நடுக்கோட்டுக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. நாள் முழுக்க ஐம்பது கிலோ மூட்டையைப் புரட்டுகிற கை அது. பள்ளிக்கூடத்தில் அவனும் தம்பியும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியில் முதல் தட்டு அவனுக்குத்தான் போகும்.

கருணாபுரத்தில் அந்த விஷச் சாராயச் சாவுகள் நடந்தபோது அவனுடைய அண்ணன் போய்விட்டான். தெருவெல்லாம் பந்தல் போட்டிருந்த நாள் அது. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். தம்பி வரவில்லை. லீக் அணியின் பயிற்சி முகாமில் இருந்தான், விடவில்லை என்று எனக்குச் சொன்னான். அந்தப் பையனுக்குப் போனில் ஏதோ பேசி அனுப்பினானாம். அதைக் கேட்டானோ இல்லையோ, அன்றிலிருந்து அந்தப் பையன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கடையில் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தம்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூன்று பேரும் போனோம். எல்லோரும் முழந்தாள்படியிடும் நேரம் வந்தது. கோயில் முழுக்கச் சரசரவென்று இறங்கியது. தம்பி மட்டும் நின்றான். எனக்குப் பின்னால் ஒரு குரல், பெண் குரல்தான், "லீக்குல ஆடறவரு, முட்டி போட மாட்டாரு," என்றது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. திரும்பி அந்த அம்மாவை முறைப்பதா, இவனை இழுத்து இறக்குவதா என்று பார்த்தேன். அப்போதுதான் அவன் முகத்தைக் கவனித்தேன். டிசம்பர் காலையில் நெற்றியில் வியர்வை. முன் பெஞ்சின் முதுகை இறுகப் பற்றியிருந்தான். இறங்க முயன்று பார்த்துவிட்டு முடியாமல் நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். "பேண்ட்ட தூக்கு."

"இன்னாக்கா நீ."

"தூக்குடா."

வலது முழங்கால் இடதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. போன சீசன் நடுவில் பயிற்சியின்போது திரும்பியிருக்கிறது. உள்ளே சடக்கென்று சத்தம் கேட்டதாம். சுளுக்கு என்று சொல்லி ஐஸ் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அதைத்தான் எங்கள் கண்டக்டர் கோடி ரூபாய்ச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறான். உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு மாதக்கணக்கில் ஓய்வு என்றார் டாக்டர். செய்யாமல் ஆடி இன்னொரு முறை அதே இடத்தில் திரும்பினால் ஆட்டம் கிடக்கட்டும், ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"டீமுக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் வெச்சிக்க மாட்டாங்கக்கா. பொங்கல் கழிச்சி ஆபரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. கமுக்கமா பண்ணிக்கினு, வேற எதுனா காரணம் சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்கக் கூடாது. அம்மாகிட்டயும்."

சத்தியம் வாங்கினான். செய்துகொடுத்தேன். அன்றிலிருந்து என் கண்ணுக்கு உலகத்தில் முழங்கால்தான் தெரிந்தது. குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீர் கிடந்தால் ஓடிப்போய்த் துடைப்பேன். அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். ராத்திரி அவன் புரண்டு படுக்கும் சத்தத்துக்கு விழித்துக்கொள்வேன். பகலில் கடையில் அவனுக்குத் திமிர் என்பார்கள். எனக்கு வாய் வரை வரும். விழுங்கிக்கொண்டு பில் போடுவேன்.

பொங்கலுக்குப் பிறகு வெள்ளிமலையில் கபடிப் போட்டி. எங்கள் அணி இறுதிக்கு வந்துவிட்டது, எதிரே மலை அணி. தம்பி ஊரில் இருப்பதை யாரோ சொல்லிவிட, விழாக்காரர்கள் ஜீப் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்து இரண்டு அணிக்கும் கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டார்.

"போவாத," என்றேன் தம்பியிடம்.

"போவலன்னா இன்னும் பேசுவாங்க."

"பேசட்டுமே. பேச்சு எலும்ப ஒடைக்குமா?"

"கை குடுத்துட்டு வந்துடப் போறேன்க்கா. ஆடவா போறேன்."

மறுநாள் கடையில் டீ மாஸ்டர் இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். துரை வருகிறாரே, கம்பளம் விரிக்க வேண்டாமா என்றார். அப்போது உள்ளேயிருந்து வந்த கார்னர் பையன் தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சில் கலந்துகொண்டான்.

"வரட்டும். கோட்டத் தாண்டி ஒரு கால வெக்கட்டும்," என்றான். சத்தம் போடவில்லை. தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான். எனக்குக் கால்குலேட்டரில் எண் தெரியவில்லை.

போட்டியன்று தம்பி விழாக்காரர்களோடு ஜீப்பில் முன்னால் போய்விட்டான். நான் கடை வண்டியில், அணியும் ரசிகர்களும் அடைந்திருந்த கூட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம்பிடித்துப் போனேன். கபடி பார்க்க இந்த அக்காவுக்கு எப்போதிருந்து ஆசை என்று கண்டக்டர் கேட்டார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பின்னால் விவாதம் சூடுபிடித்தது. வளைவுக்கு வளைவு தம்பியின் சம்பளமும் ஏறியது. கார்னர் பையன் டயர்மேல் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடியில் அவன் கைகள் எனக்குத் தெரிந்தன. அவன் முட்டியையே கட்டிக்கொண்டு கிடந்தன அந்தக் கைகள். மலைப்பாதையில் பள்ளம் பார்த்து எனக்குப் பயம் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, டெய்லி ஓட்ற ரோடுதான்," என்றார்.

மைதானம் என்றால் சாமை அறுத்த காடு. தண்ணீர் தெளித்து இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். மத்தியானத்திலேயே குளிர்ந்தது. சுற்றிலும் ஆட்கள், ஜீப்புகளின் மேலும் ஆட்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் கோட்டுக்குள் நுழையும்போது செருப்பில்லாமல் வந்து, வலது முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இதில் சாமி பேதமெல்லாம் இல்லை. ஒரு முறை கோப்பை கொடுக்க வந்த அதிகாரியையே முட்டி போட வைத்தவர்கள் நாங்கள். தம்பிக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயிரம் தடவை செய்தவன்.

மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். விசில் பறந்தது. ஷூவைக் கழற்றினான். கோட்டுக்கு வந்தான். நின்றான். பிறகு முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, விரலால் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

விசில் நின்றுவிட்டது. கூட்டம் கத்தினால் தாங்கலாம். அது அமைதியாவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"முட்டி போட மாட்டாராமா?" என்று யாரோ ஜீப்மேலிருந்து கேட்டார்கள்.

"ரப்பர் மேட்டு விரிச்சி ஆடறவருப்பா. மண்ணு ஒட்டிக்கும்."

"நம்ம சோத்துல வளந்தவன் நமக்கே வளைய மாட்டேன்றான் பாரு," என்றார் டீ மாஸ்டர். கேலிக்காகச் சொல்லவில்லை. அவர் குரலில் நிஜமான வலி இருந்தது. ஒரு செருப்பு வந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. யார் என்று தெரியவில்லை.

மைக் பிடித்தவர் நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று குட்டையைக் குழப்பினார். "ரசிகப் பெருமக்களே! நம்ம மண்ணின் மைந்தர் இப்ப உங்களுக்காக ஒரே ஒரு ரெய்டு பாடிக் காட்டுவாரு! அதுவும் தன்னோட சொந்த அணிக்கு எதிரா!" கூட்டம் மறுபடி உயிர் பெற்றது. அது வேறு மாதிரியான உயிர். எங்கள் அணியின் ஏழு பேரும் எழுந்து கோட்டுக்குள் போகத் தயாரானார்கள். தம்பி மறுத்துவிடுவான் என்று நினைத்தேன். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். கீழே கிடந்த செருப்பைப் பார்த்தான். சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

நான் ஓடினேன். தம்பியிடம் அல்ல. அந்த முகத்தை எனக்குத் தெரியும், என்ன சொன்னாலும் கேட்க மாட்டான். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த கார்னர் பையனிடம் போனேன்.

"இங்க பாரு, அவனுக்கு வலது முட்டி போயிடுச்சிப்பா. உள்ள நரம்பு கிழிஞ்சிருக்கு. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு. அதனாலதான் முட்டி போடல. நீ அந்தக் கால புடிச்சி முறுக்கினா அவன் அவ்ளோதான், நடக்க மாட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. இந்த ஊரில் என் தம்பிமேல் உண்மையாகவே கோபம் வைத்திருக்கிற ஒரே ஆளிடம், எந்தக் காலைப் பிடிக்க வேண்டும் என்று நானே கையைப் பிடித்துக் காட்டிவிட்டேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இத்த ஏன்க்கா எங்கிட்ட வந்து சொல்ற?"

"உன் கையிலதானே வந்து விழப் போறான்."

"எங்கண்ணன் பொணத்துக்கு அவன் வர்ல. தெரியுமில்ல?"

"தெரியும்பா."

துணியை இறுக்கி முடிச்சுப் போட்டான். கோட்டுக்குப் போய், வலது முழங்காலை ஊன்றி மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, இடது மூலையில் குந்தினான். அவன் இடது மூலை என்றால் எதிரே வருகிறவனுக்கு வலது காலின் பக்கம். என் வாயில் ஒரு செபமும் வரவில்லை. மாதாவே என்றுகூடச் சொல்ல வரவில்லை.

தம்பி பாடிக்கொண்டே உள்ளே போனான். அவன் பாடிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கூட்டம் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்குத் தலையாட்டியது. வலதுபக்கம் ஒதுங்கினான், இடதுக்கு வந்தான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை அந்தக் காலில் பாரம் விழும்போதும் அவன் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு, ஐயோ, ஏனடா, கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தொடுவதற்காக வலது காலை நீட்டினான். கார்னரின் முன்னாலேயே நீட்டினான்.

கார்னர் பையன் பாய்ந்துவிட்டான். இரண்டு கையும் முழங்காலை வளைத்தன. நான் கண்ணை மூடிக்கொள்ள விரும்பினேன், மூடவில்லை. அதனால் பார்த்தேன். வளைத்த கைகள் இறுகும் இடத்தில் இறுகவில்லை. விரல்கள் திறந்தன. அவன் முகம் குப்புற மண்ணில் விழுந்தான். தம்பி அவன் முதுகைத் தட்டிவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றான். அவ்வளவுதான், ஒரு மூச்சு நேரம்.

மலையே கத்தியது. டீ மாஸ்டர் அழுதுகொண்டே ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கினார். கண்டக்டர் அருகிலிருந்தவர்களைப் பிடித்து உலுக்கி, "இந்தக் காலுக்கு ஒரு கோடி கம்மிடா! கம்மி!" என்று கூவினார். முட்டி போடாதது, ஊருக்கு வராதது, பெஞ்சு எல்லாம் ஒரே ரெய்டில் மன்னிக்கப்பட்டுவிட்டன. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. இறங்கும்போது தம்பியும் எங்கள் வண்டியில்தான் வந்தான், நடுநாயகமாக. எல்லோரும் கார்னர் பையனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா, கெழவனாயிட்டியா? கையில வந்தத வுட்டுட்டியே."

"மூட்டைன்னா புடிப்பான். ஓடற காலப் புடிக்கணும்னா வேற சத்து வேணும்."

அவன் முகத்தில் மண் இன்னும் ஒட்டியிருந்தது. சிரித்துவைத்தான். தம்பி அவன் தோளில் கை போட்டு, "வுடுங்கப்பா, ஒருநாள் அப்படி ஆவும்," என்று பெருந்தன்மையாகச் சொன்னான். அந்த நேரத்தில் அவனை ஓங்கி ஓர் அறை விடலாம்போல் எனக்கு இருந்தது. கார்னர் பையன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆபத்து போயிற்று என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். என்னைப்போல் மடச்சி உண்டா?

மறுநாளே தம்பி கால் மடக்கி நீட்டிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டான். வீக்கம் அதிகமாகியிருந்தது. அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. "நீயே பாத்தியேக்கா. அவன் கையிலேர்ந்து யாருனா தப்பிச்சிருக்காங்களா? நான் தப்பிச்சேன். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. முட்டிக்கு ஒண்ணுமில்ல," என்றான். சேலத்துக்குப் போன் போட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதே வாரத்தில் வடக்கே அணியின் முகாம். போகப் போகிறேன் என்று பையை எடுத்து வைத்தான். இந்த வருஷம் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் செய்தாள்.

மலையில் ஒருவன் கையை விட்டான். முகாமில் யார் விடுவார்கள்? அங்கே ஒவ்வொரு மூலையிலும் ஒருவன் காத்திருப்பான், சம்பளத்துக்கு. அவனுக்கு அண்ணனும் தெரியாது, அக்காவும் தெரியாது. நான் சமையலறையில் நின்று இதை நினைத்துப் பார்த்தேன், மலையில் இருந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். அன்று பயம் ஒரு மூச்சு நேரம். இது அவன் ரயில் ஏறும் வரைக்கும், ஏறிய பிறகும்.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். அவன் கண்ணாடி முன் நின்று பாடிப் பார்த்துக்கொண்டிருப்பான். வருஷக் கணக்காக நான் பார்க்காத முகம் அது. எப்படிச் சொல்வது?

சின்னசேலத்தில் ரயிலேறி சேலம் போய், அங்கே வடக்கு வண்டி மாற வேண்டும். வழியனுப்ப நானும் போனேன். காலை வெயில் பிளாட்பாரத்தில் விழுந்திருந்தது. மக்காச்சோள மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான், முட்டி மடங்கவில்லை. காலைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக் கட்டினான். அதைப் பார்த்ததும் என்னிடம் இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. பயத்தில்தான் சொன்னேன்.

"அவன் வுட்டான்டா."

"யாரு?"

"கார்னரு. புடிச்சான். புடிச்சிட்டுக் கைய வுட்டான். நான் பாத்தேன். நான் முன்னாடியே போய் அவன்கிட்ட உன் முட்டியப் பத்திச் சொன்னேன். அதனாலதான் வுட்டான்."

அவன் நம்பாமல் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை. கயிற்றின் இரண்டு நுனியும் கையில் அப்படியே இருந்தன. அன்று முதுகைத் தட்டியது, வண்டியில் தோளில் கை போட்டது எல்லாம் அவனுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"அந்த ஒரு ரெய்டையாவது எனக்கு வுட்டு வெச்சிருக்கலாமேக்கா," என்றான்.

"உன் கால்தான்டா எனக்கு வேணும்."

வண்டி வந்தது. அவன் ஏறினான். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டிக்கெட் இல்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். ஆத்தூர் போனது, வாழப்பாடி போனது. அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. சேலத்தில் இறங்கி எந்தப் பிளாட்பாரத்துக்குப் போவான் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கேள்வி. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. இறங்கினான். மாடிப்படிப் பக்கம் ஒரு நிமிடம் நின்றான், வடக்கு வண்டிக்கு அந்த வழிதான். பிறகு நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான். நொண்டுவதை அன்றுதான் அவன் முதல் தடவையாக மறைக்கவில்லை. ஆட்டோக்காரரிடம் டாக்டரின் ஆஸ்பத்திரியைச் சொன்னான்.

எனக்கு அழுகை வந்தது. பிழைத்தான் என்ற அழுகை. ஆட்டோவில் நான் உட்கார வேண்டிய இடத்தில் அவன் பையை வைத்திருந்தான். அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனை அதில் உட்கார வைத்தாள். என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு யாரும்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"ஊர்க்காரங்க."

நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.